பேர் எழுதாத சீட்டு

என்னங்க,

ராத்திரி வேலை முடிந்து தூங்குகிறீர்கள், எழுப்பிச் சொன்னால் கத்துவீர்கள். பையன் குளித்துக்கொண்டிருக்கிறான், காதில் விழும். அதனால் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. ஐந்து மணிக்கு டியூஷன் மாஸ்டர் வருவார். உள்ளே விடாதீர்கள். இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள். கை நீட்டிவிடாதீர்கள், நான் வந்ததும் சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.

பள்ளியில் நான் எடுக்கிற பாதுகாப்பான தொடுதல் வகுப்பில் பிள்ளைகள் பேர் எழுதாமல் கேள்வி போடுகிற பெட்டியை நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில்தான் பிரித்தேன். ஒரு சீட்டில், "டியூஷன் சார் தொடுறது பிடிக்கல. வீட்ல சொன்னா நம்புவாங்களா?" என்று இருந்தது. அந்த 'ந' நான் கைபிடித்து எழுதப் பழக்கியது.

"ஆம்பளப் பசங்களுக்கு எதுக்கு இந்தப் பாடம்?" என்றீர்கள். போன வாரம் டியூஷன் வேண்டாம் என்று அவன் அழுதபோது, சோம்பேறி என்று திட்டினீர்கள். நானும் ஒத்து ஊதினேன்.

அவனிடம் சாவி இல்லை, நாலு மணிக்கு அவன் பள்ளி விட்டு வரும்போது தூங்கிவிடாதீர்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள்.

பி.கு.: இன்று அவன் வகுப்புக்குத்தான் பாடம். அந்தக் கேள்விக்கு, அவன் முகத்தைப் பார்க்காமல், "நம்புவாங்க" என்று பதில் சொல்லப்போகிறேன். என்னைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.