ழகரம் தவறிய பாட்டு

தாராவி,
7 ஆகஸ்ட் 2023

அன்பு மருமகள் ஜெனிஃபருக்கு,

அத்தை சேசம்மாள் எழுதிக்கொள்வது. என் முழங்கால் வலியையும் உன் மாமாவின் வாயையும் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

"இந்தக் காலத்துல எவளாவது கடுதாசி எழுதுவாளா?" என்று மாமா கேலி செய்கிறார். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் அழுகிறேன், அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். இன்றைக்கு என்ன குழம்பு என்றுகூடக் கேட்டுக்கொள்ள முடிவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மாடி வீட்டு சுயம்பு ஐரோலிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறான் இல்லையா, உன் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். பதிலையும் அவனிடமே கொடு.

மழை விட்டபாடில்லை. துணி காய்வதற்கு முன்னால் நாற்றம் வந்துவிடுகிறது. கோயிலில் பாடல் குழுவில் உன் இடத்தில் ஒரு பெண் பாடுகிறாள். குரல் நல்ல குரல்தான், ஆனால் மைக்கைத் தின்றுவிடுவாள் போலிருக்கிறது.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம். நம் வீட்டில் சுபின் கீபோர்டு வாசிக்க நீ பாடிய பாட்டைத் தினமும் காலையில் உனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நீ அதைக் கேட்பதே இல்லை. கேட்டால் அந்த மைக் படம் நீலமாக மாறும் என்று மாமா காட்டிக்கொடுத்திருக்கிறார். மஞ்சள் காமாலையில் என் பிள்ளை போய் மூன்று வருடம் ஆகிறது, அந்தப் பாட்டு எனக்கு இன்னும் சலிக்கவில்லை. அதைப் போட்டால்தான் அடுப்பைப் பற்றவைக்கக் கை வருகிறது. "ஏளா, ரேடியோக்காரன்கூட பாட்டை மாத்துவான், நீ மாத்த மாட்டியா?" என்கிறார் மாமா. சொல்லிவிட்டு அவரே தொடையில் தாளம் போடுகிறார். உனக்கு மட்டும் என்ன வந்தது?

இப்படிக்கு,
பதிலுக்காக சுயம்புவின் பஸ்ஸை எதிர்பார்க்கும்
அத்தை


ஐரோலி,
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தைக்கு,

ஜெனிஃபர் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திட்டாதீர்கள். நன்றாகவே சாப்பிடுகிறேன். என்னோடு ரூமில் இருக்கும் மெஹக் ருசியாகச் சமைப்பாள், ஆனால் அவளுக்குப் புளி என்றால் என்னவென்றே தெரியாது. மாமாவின் வாயைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை அத்தை. கிளீட்டஸ் என்று ஒருவர். கோவண்டிக்காரர், நம்மைப் போலத் தெற்கத்திக் குடும்பம். லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஒருநாள் எங்கள் ஆபீஸ் லிஃப்டில் நான் மாட்டிக்கொண்டபோது, கதவைத் திறக்கிற வரைக்கும் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அப்படித்தான் பழக்கம். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். சுபினைப் பற்றி எல்லாம் சொன்னேன். பிறகு சரி என்றேன். இதை உங்களிடம் சொல்லத்தான் எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

என் பெயர் இன்னும் நம் தாராவிக் கோயிலில்தான் இருக்கிறது. அதனால் செப்டம்பரில் மூன்று ஞாயிறு அங்கே எங்களுக்கு ஓலை வாசிப்பார்கள். இன்னாரை இன்னார் கட்டுகிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று பூசையில் எல்லார் முன்னாலும் சாமியார் கேட்பார். அந்த மூன்று வாரம் மட்டும் நீங்கள் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பூசை பாருங்கள். எல்லாரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள், என்னால் அதை நினைக்கவே முடியவில்லை.

இன்னொன்று. அந்தப் பாட்டை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். தயவுசெய்து.

உங்கள்
ஜெனிஃபர்


தாராவி,
17 ஆகஸ்ட் 2023

ஜெனிஃபருக்கு,

கடிதம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொள். சின்ன வயசு, தனியாக எத்தனை காலம் கிடப்பாய். நான் ஒன்றும் குறுக்கே விழுந்து படுக்கவில்லை.

பாட்டை இனி அனுப்ப மாட்டேன். சலித்துவிட்டது என்றால் சலித்துவிட்டது என்றே சொல்லியிருக்கலாம். புதுப் பாட்டு வந்தபிறகு பழசு எதற்கு?

நான் எந்தக் கோயிலில் பூசை பார்க்க வேண்டும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். கல்யாணமாகி பம்பாய் வந்த நாளிலிருந்து அங்கேதான் உட்காருகிறேன். மாமாவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

சேசம்மாள்


ஐரோலி,
22 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அத்தைக்கு,

சலிக்கவில்லை. கோபத்தில் பாதியிலேயே மடித்து வைத்துவிடாதீர்கள், முழுதும் படியுங்கள்.

அது சுபின் சொந்தமாகக் கட்டிய பாட்டு. நான் இங்கேயே பிறந்து ஹிந்தியில் படித்தவள், அப்போது எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்று ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஹிந்தியில் ழ கிடையாதே! 'என் வழியாய் வந்தீர் ஐயா' என்பதை நான் 'என் வலியாய் வந்தீர் ஐயா' என்று உருகி உருகிப் பாடினேன். அவர் வாசிப்பதை விட்டுவிட்டு, "ஏட்டி, ஆண்டவரையே தலைவலி ஆக்கிட்டியே!" என்று சிரித்தார். பாட்டு அந்தச் சிரிப்போடு நின்றுவிடும். நீங்கள் தினமும் கேட்பது அந்தச் சிரிப்பைத்தான். எனக்குத் தெரியும்.

என்னால் முடியவில்லை அத்தை. பாட்டு தொடங்கும்போதே என் தப்பு வரப்போகிறது என்று தெரியும். பிறகு சிரிப்பு வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அப்புறம் நான் ஆபீஸ் போவது எப்படி? அவர் போன பிறகு, இனி ஒருமுறை அந்தத் தப்பு வரக்கூடாது என்று போனில் பார்த்துத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இப்போது ழ நன்றாக வருகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

நீங்கள் வேண்டாம் என்றால் கிளீட்டஸிடம் நாளைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சும்மா எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அப்பா அம்மா போன பிறகு எனக்கு நீங்களும் மாமாவும்தான். அவரைக் கட்டிக்கொண்டு உங்களை விட்டுவிட என்னால் ஆகாது. ஓலைக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்
ஜெனிஃபர்


ஐரோலி,
12 செப்டம்பர் 2023

அத்தை,

இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. சாமியாரிடம் நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சுகமாக இருப்பதாக சுயம்பு அண்ணன் சொன்னார். மாதா திருவிழாவுக்கு பாந்த்ரா போனேன், கூட்டத்தில் உங்களுடையதைப் போல நீல சேலை கண்ட இடமெல்லாம் உங்களைத் தேடினேன்.

இந்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குப் பிறகும் பதில் இல்லை என்றால், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

ஜெனிஃபர்


தாராவி,
17 செப்டம்பர் 2023

என் கண்ணே ஜெனிஃபர்,

பூசை முடிந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். மாமா சாப்பாடு கேட்கிறார், கேட்கட்டும். உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம்தான் வந்தது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அந்தச் சிரிப்பைக் கேட்பதாக எழுதியிருந்தாய். சுபின் என் வயிற்றில் கிடந்தவன். அவன் சிரிப்பைக் கேட்க எனக்குப் போன் எதற்கு? பாத்திரம் தேய்க்கும்போதே கேட்கும். நான் கேட்பது உன்னை, பைத்தியக்காரி! நீ ஐரோலிக்குப் போனதிலிருந்து உன் குரல் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். போனில் அழுகிறாய், பாட்டில்தான் சந்தோஷமாக இருக்கிறாய். அந்த 'வலி' வருகிற இடத்துக்காகத்தான் தினமும் போடுகிறேன். என்ன தெம்பாகத் தப்புப் பண்ணுகிறாய்! எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு ஆசை தீரவில்லை. உனக்கு அனுப்ப மாட்டேன், ஆனால் நான் கேட்பதை நிறுத்தவும் மாட்டேன்.

இனி கோயில் சங்கதி. முதல் ஓலைக்கு முந்தின நாள் மாமாவிடம் சொன்னேன். அவர் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டார். மூன்று வாரமும் இருவரும் போனோம். நீ சொன்னபடி எல்லாரும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. சாமியார் வாசித்ததுதான் உறைத்தது. 'கோவண்டி மிக்கேல், பிலோமினா தம்பதியரின் மகன் கிளீட்டஸ்' என்று அவனுக்கு அப்பா அம்மாவோடு வாசித்தார். உனக்கு மட்டும் 'காலஞ்சென்ற சுபினின் விதவை ஜெனிஃபர்' என்று மொட்டையாக முடித்துவிட்டார். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்றைக்கு அவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். உன் மாமா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறார். "உக்காருளா பாவி, அந்தப் புள்ள வாழட்டும்!"

"என்னம்மா ஆட்சேபம்?" என்றார் சாமியார்.

"கல்யாணத்துக்கு ஒண்ணுமில்ல சாமி. நீங்க வாசிச்சதுலதான் ஆட்சேபம். அவளுக்கு அப்பன் ஆத்தா இல்லாத மாதிரி வாசிக்கீங்க. ஞானசீலன், சேசம்மாள் மகள்னு வாசிங்க."

"ரிக்கார்டுல அப்படி இல்லையேம்மா."

"ரிக்கார்டுல எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். நீங்க வாயால வாசிங்க. அதுவரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

சாமியார் மாமாவைப் பார்த்தார், நீயாவது சொல்லக் கூடாதா என்பது போல. மாமா முந்தானையை விட்டுவிட்டு என் பக்கத்தில் எழுந்து நின்றார். பின்னாலிருந்து நாலைந்து பேர், "வாசிங்க சாமி, வாசிங்க" என்றார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து வாசித்தார். 'தாராவி ஞானசீலன், சேசம்மாள் தம்பதியரின் மகள் ஜெனிஃபர்.' மாமா அழுதார். நான் உட்கார்ந்தேன்.

வருகிற ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. நெத்திலி கிடைத்தால் குழம்பு வைக்கிறேன். இனிமேல் அத்தை என்று எழுதாதே, ஊர் கூட்டி ஓலை வாசித்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா
சேசம்மாள்