பின் இராசா

யூன் 11, வியாழன்
சோளகக் காற்று விடவில்லை. இன்றும் கடலுக்குப் போகவில்லை. கிழிந்த வலை பொத்தினேன், பாதி.
பின்னேரம், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தன் வீட்டில் பெருநாள் கூத்துக்குப் பாத்திரம் பிரித்தார். இராசா பாத்திரம் பெரிது, விடிய விடிய ஒருவர் பாட முடியாது. வழக்கம்போல் இரண்டு பேர். முன் இராசா மரியதாஸ். சிறைப்பட்டுத் தலை வெட்டுப்படும் பின் இராசா நான்! என் முதல் கூத்து.
போன வருசம் புயலில் நான் கரை சேர்ந்ததற்கு அம்மாவின் நேர்த்திக்கடன் இது: மகன் மாதா கோவில் முற்றத்தில் இராசாவாக ஆடுவான். செய்தி கேட்டு அம்மா அழுதுகொண்டே றால் பொரித்தார்.

யூன் 16
ஒத்திகையில் கால் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அண்ணாவியார்: "சூசை, நீர் ஆடுறீரோ, நண்டு மிதிக்கிறீரோ?" எல்லோருக்கும் சிரிப்பு.
மரியதாஸ்தான் தனியே கூப்பிட்டுச் சொல்லித்தந்தான். சின்ன வயதிலிருந்து ஒரே வள்ளம். "தொண்டை திறக்க வேணுமெண்டா விடியக் கரையிலை காத்துக்கு எதிரா நிண்டு கத்திப் பாடு. நானும் அப்பிடித்தான் பழகினனான்." நல்லவன்.
வாங்க: சவர்க்காரம், சதங்கைக்கு நூல்.

யூன் 24
தினமும் கத்தினேன். இன்று குரல் இல்லை, காற்றுத்தான் வருகிறது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். ம. வந்து பார்த்தான். "விடாதை, கத்து. திறக்கப்போகுது."

யூன் 27
ஒத்திகை. வாய் திறந்தேன், காகம் தோற்றது. அண்ணாவியார்: "பெருநாள் கிட்டுது. ரெண்டு இராசாவையும் மரியதாஸ் ஆடட்டும். நீர் பிற்பாட்டு."
பிற்பாட்டு என்றால் திரைக்குப் பின்னால் நின்று அவன் பாடியதைத் திருப்பிப் பாடுவது. அம்மாவின் நேர்த்தி அவ்வளவுதான்.
திரும்பும் வழியில் கிணற்றடியில் ம. குரல். தன் அண்ணனிடம்: "உப்புக் காத்திலை கத்தினா எவன்ரை தொண்டை நிக்கும்? சொன்ன உடனை நம்பிட்டான்." வேலிக்கு இந்தப் பக்கம் நான்.
படுபாவி. அண்ணாவியாரிடம் ஓடினேன். சொல்லத்தான் குரல் இல்லை.

யூலை 2
குரல் வந்துவிட்டது. வந்தென்ன. அண்ணாவியாரிடம் எல்லாம் சொன்னேன்.
"சாட்டுச் சொல்லாதையும். உடுப்பு அவனுக்கு அளந்து தைச்சாச்சு."

யூலை 5, ஞாயிறு, விடிந்தபின்
கூத்து முடிந்தது.
வெட்டுக்கு முன் இராசா தாயிடம் விடை கேட்கும் பாட்டு. ம. குனிந்தபடி நிற்கிறான், பாட்டு வரவில்லை. மறந்துவிட்டான். மத்தளம் அடித்ததையே அடிக்கிறது. அவன் கண் திரைப் பக்கம் என்னைத் தேடியது.
நில்லடா அப்படியே, நாறு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பாடினேன். ஏனென்று தெரியாது. அத்தனை நாள் மனப்பாடம் செய்த பாட்டு, அந்தரத்தில் நிற்கப் பொறுக்கவில்லை. கடைசி வரி வரை பாடினேன். ம. தலை நிமிராமல் உதட்டை அசைத்தான். முற்றம் முழுக்க அழுகை. மாலை எல்லாம் அவன் கழுத்தில்.
வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. தேத்தண்ணி தந்தார்.
"தாயிட்டை விடை கேட்டானே மரியதாஸ், என்ரை நெஞ்சு வெடிச்சுப்போச்சு. குறை நினையாதை அப்பு, நீ பாடியிருந்தாலும் இப்பிடி வந்திராது."