பச்சைக் கோடு ஆடுகிறது, சத்தம் இல்லை

மார்ச் 3, திங்கள்

லேப்டாப் ஊமையாகிவிட்டது. காலையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் ஆரம்பம், தங்கை ராத்திரியில் வந்து அக்கா வீட்டு வாசலில் நிற்கிற இடம். ஒலிப்புத்தகத்துக்காக நாவலை வாசித்துக் குரல் கொடுக்கும் அம்மா “தாழ்ப்பாளை எடு அக்கா” என்றார். அவ்வளவுதான். யாரோ வாயைப் பொத்திய மாதிரி நின்றுவிட்டது.

திரையின் ஓரத்தில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் எகிறி எகிறி ஆடுகிறது. அப்படியென்றால் அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். யாரிடம்?

அணைத்துத் திறந்தேன். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஹெட்போன் மாட்டலாமென்றால் அதைச் செருகும் ஓட்டை போன வருஷமே செத்துப்போச்சு. போனில் கேட்கலாமென்றால் பதிப்பகத்தின் பதிவுகள் இந்த லேப்டாப்பைத் தவிர எதிலும் திறக்காது, திருட்டுப் பயம். என் பிழைப்பே கேட்பதுதான். அந்தம்மா நாவலை வாசிக்க வாசிக்க, நான் புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்ட சொல்லையும் மாறிய சொல்லையும் குறிக்க வேண்டும். அடுத்த வரிகளை ஒரு அட்டையால் மூடிக்கொள்வேன். முன்னாலேயே படித்துவிட்டால், காது அவர் சொன்னதைக் கேட்காது, நான் படித்ததைத்தான் கேட்கும்.

ஆக இன்று முழுக்க அந்த அட்டை நகரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம். எல்லாம் செய்தாயிற்று. ‘சாதனம் சரியாக இயங்குகிறது’ என்று லேப்டாப் கூசாமல் சொல்கிறது. சத்தம் எதன் வழியே போகிறது என்ற இடத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த பேர். ஸ்பீக்கர் செய்த கம்பெனியின் பேராக இருக்கும். பக்கத்தில் ‘சோதித்துப் பார்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் மணி அடிக்க வேண்டும். அழுத்தினேன், அழுத்தினேன், விரல்தான் வலித்தது.

இதற்கு நடுவில் மாமா வேறு, என் மனைவியின் அப்பா. வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடைபாதையைப் பார்த்து நின்றார்.

“யாரு மாமா?”

“பெல்லு அடிச்சுதே மாப்ளே.”

“அடிக்கலையே.”

அவர் என்னையும் வெளியையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்த் திறந்தார்.

காலமெல்லாம் பம்பு நிலையத்தில் மோட்டார்களுக்கு நடுவே நின்று மழுங்கிய காது. ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான் புதுக் காது மெஷின் வாங்கி வந்து அவர் அப்பாவுக்கு மாட்டிவிட்டார். அதோடு வந்த விளக்கப் படத்தை என் லேப்டாப்பில் போட்டு, எங்கள் எல்லோருக்கும் ஒரு வகுப்பே எடுத்துவிட்டுப் போனார். இத்தனை நாள் கேட்காத சத்தமெல்லாம் கேட்கிறது, பாவம். பழக வேண்டும்.

மார்ச் 5, புதன்

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேஜைமேல் வைத்துத் தட்டினதும் கடை முழுக்க, “தாழ்ப்பாளை எடு அக்கா!” வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போச்சு. நான் அவசரமாக நிறுத்தினேன்.

கடைக்காரர் சிரித்தார். “நல்லாத்தானே சார் பேசுது. வீட்ல யாராவது திட்டினீங்களா?”

வீட்டுக்கு வந்து திறந்தேன். ஊமை.

கடையில் பேசுகிறது, வீட்டில் பேசமாட்டேன் என்கிறது. இதென்ன மெஷினா, கோபித்துக்கொண்ட சம்பந்தியா?

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கடைசியாக ஒரு தடவை முயன்றேன். சமையலறையில் என் மனைவி அவள் அப்பாவிடம், “பசிக்குதாப்பா?” என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில், “கையில ஒண்ணும் கொண்டு வரலையாம்.” கரண்டி நின்றது. இவள் வந்து என்னைப் பார்த்தாள்.

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டது! காலையில் கொஞ்ச நேரம், மாமா குளித்து முடிக்கிற வரைக்கும், அந்தச் சோதனை மணி அடித்தது. அத்தியாயத்தை ஓடவிடுவதற்குள் அவர் துண்டை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், நின்றுவிட்டது. யோசித்தேன். அவர் குளிக்கும்போது தண்ணீர் மோட்டார் ஓடியது. அப்போ கரண்ட் விவகாரம்! பிடிச்சுட்டேன்!

மோட்டாரைப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். சத்தம் வரவில்லை. தொட்டி நிரம்பி மாடிப்படியில் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டம்மா வந்து கத்தினார். அந்தச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

எடிட்டரம்மா போன். “பன்னெண்டாவது இன்னுமா முடியலே?” உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

மச்சான் வந்தார். இவள் போனில் அழுதிருக்கிறாள். மாமா ஐந்தாறு தடவை கதவைத் திறந்ததும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதும், நேற்று சாயந்திரம் தெருமுனைவரை போய் யாரையோ தேடிவிட்டு வந்ததும் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

“மறதி வியாதிதான் மச்சான். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றார். மச்சானுக்குத் தெரியாத வியாதி உலகத்தில் கிடையாது. “அடுத்த ஞாயித்துக்கிழமை முதியோர் இல்லத்துல சேத்துடலாம். நல்ல இடம், பேசிட்டேன். நீங்க ரெண்டு பேரும் வேலையைப் பாப்பீங்களா, வாசலைப் பாப்பீங்களா?”

இவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் தலையாட்டினேன். அவர் அப்பா, இவர் பிள்ளை, நான் வந்து சேர்ந்தவன்தானே.

போகும்முன் வாசல் கதவின் மேலே, மாமாவின் கை எட்டாத உயரத்தில், மச்சான் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். மாமாவிடமிருந்த வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார். கேட்டதும் மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

லேப்டாப்பைத் தொடவே இல்லை. மாமாவும் கதவுப் பக்கம் போகவில்லை. இவளோடு உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார், சரியாகத்தான் பேசினார். “பாருங்க, இன்னிக்கு எவ்வளவு தெளிவா இருக்காரு” என்று இவளுக்கு வாயெல்லாம் பல். ஒரே நாளில் இப்படியும் இருக்க முடியுமா ஒரு மனுஷனுக்கு?

மார்ச் 11, செவ்வாய்

நேற்றிலிருந்து மறுபடி மோசம்.

இன்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. சத்தத்தை முழுக்க ஏற்றி அந்தச் சோதனைப் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினேன். பக்கத்து அறையில் மாமா “ஐயோ” என்று கத்தினார். ஓடினேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே. நீங்க போங்க.”

பயந்த முகம். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. பம்பு வெடித்தபோதும் ஓடாமல் நின்று வால்வை மூடியவர் என்று இவள் சொல்லுவாள்.

சாயந்திரம் இவள் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஒவ்வொன்றையும் வைக்கிறாள், எடுக்கிறாள், வைக்கிறாள்.

மார்ச் 12, புதன்

அவர் போய்விட்டால் பகலில் இந்த வீட்டில் நானும் ஊமை லேப்டாப்பும்தான்.

மார்ச் 13, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லையென்றால் நானே நம்பமாட்டேன்.

மத்தியானம் அதே பன்னிரண்டாம் அத்தியாயத்தை ஓடவிட்டுவிட்டு, வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பச்சைக் கோடு ஆடியது. அந்தப் பக்கம் மாமா எழுந்து வாசலுக்குப் போனார். மேல் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. அப்புறம் கதவில் வாயை வைத்து, மெதுவாக, “இரும்மா, எனக்கு எட்டலே” என்றார்.

பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வாரமாக இந்த வீட்டில் ஆளாளுக்கு அவரை என்ன செய்யலாம் என்று பேசினோமே, ஒருத்தராவது இதைக் கேட்டோமா?

“மாமா, உங்களுக்கு என்ன கேக்குது?”

அவர் கதவை விட்டு விலகி நின்றார்.

“சொல்லுங்க மாமா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“சொன்னா உங்க மூஞ்சியெல்லாம் மாறுது மாப்ளே. அதான் சொல்றதில்லே.”

“என் மூஞ்சி ஏற்கெனவே இப்படித்தான். சொல்லுங்க.”

லேசாகச் சிரித்தார். அப்புறம் சொன்னார். “ஒரு பொண்ணு. தினமும் வருது. தாழ்ப்பாளை எடு அக்காங்குது. கையில ஒண்ணும் கொண்டு வரலே, என் பிள்ளையை மட்டும்தான் கொண்டு வந்திருக்கேங்குது. சொன்னதையே சொல்லுது. நடுநடுவில மணி அடிக்குது.”

முதல் வரியை நான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது வரி எனக்கே தெரியாது. அது அட்டைக்குக் கீழே இருக்கிறது.

ஓடிப்போய் அட்டையை எடுத்தேன். ‘கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை, என் பிள்ளையை மட்டும்தான் கொண்டு வந்திருக்கிறேன்.’ சொல்லுக்குச் சொல்.

என் காதுக்கு வராதது அவர் காதுக்கு எப்படிப் போனது? பிறகு மாமாவின் மெஷின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் எழுத்தும் எண்ணும் கலந்த பேர். லேப்டாப்பில் சத்தம் போகும் இடத்தில் இருக்கிற அதே பேர். ஸ்பீக்கர் கம்பெனியாம்! முட்டாள், முட்டாள்.

மாமாவைக் கழற்றச் சொன்னேன். மெஷினை டப்பாவில் வைத்து மூடினேன். லேப்டாப் வாயைத் திறந்தது: “தாழ்ப்பாளை எடு அக்கா.” மெஷினை மறுபடி மாட்டினார். ஊமை. இத்தனை நாளும் அது கம்பியே இல்லாமல் மாமாவின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. குளிக்கும்போது கழற்றினார், எனக்குக் கேட்டது. கடையில் அவர் இல்லை, கேட்டது. நான் அழுத்திய ஒவ்வொரு மணியும் அவர் மண்டைக்குள் அடித்திருக்கிறது. அன்றைக்கு ‘ஐயோ’ என்று கத்தினாரே, அது நான்.

எல்லாவற்றையும் விளக்கினேன். புரிந்ததா என்று தெரியவில்லை. மெஷினைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்போ எனக்கு ஒண்ணுமில்லையா?”

“ஒண்ணுமில்லே மாமா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், “வாசல்ல யாருமில்லேன்னு பாத்துட்டீங்களே மாமா, அப்புறமும் ஏன் போய்ப் போய்த் திறந்தீங்க?”

“யாருமில்லேன்னு தெரியுது மாப்ளே. ஆனா ஒரு பொண்ணு பிள்ளையோட வந்து நின்னு தாழ்ப்பாளை எடுன்னு கெஞ்சுது. எப்படித் திறக்காம உக்காந்திருக்கிறது?”

மார்ச் 14, வெள்ளி

நேற்று இவள் வேலையிலிருந்து வந்ததும் செய்து காட்டினேன். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியைத் திறந்து சட்டைகளை வெளியே வாரிப் போட்டாள், அப்புறம் அந்தக் குவியல்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

மெஷினை லேப்டாப்போடு சேர்த்துவைத்தது யார் என்ற கேள்வி வந்தது. இவள் மச்சானுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை, அவர் போனும் ஊமையாகிவிட்டதோ என்று நினைத்தேன். கடைசியில், “படம் பாக்கும்போது ‘இணைக்கவா’ன்னு கேட்டுது, ஆமான்னு அமுக்கினேன். அதுக்கென்ன இப்போ?” என்றார்.

“அதுக்கென்னவா?” என்று இவள் ஆரம்பித்தாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன். அங்கேயும் நன்றாகக் கேட்டது.

மார்ச் 16, ஞாயிறு

இன்றுதான் மாமா போயிருக்க வேண்டிய நாள்.

காலையில் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தாழ்ப்பாளைக் கழற்றினேன். திருகாணி போட்ட ஓட்டைகள் கதவில் அப்படியே இருக்கின்றன. மச்சான் வந்தார், சாவியை மாமா கையில் வைத்தார், “டீ இருக்கா?” என்றார். மாமா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குமேல் அந்த வீட்டு ஆண்களுக்கு வராது.

இரண்டு நாளில் விட்டதையெல்லாம் பிடித்துவிட்டேன், கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அந்தத் தங்கை பன்னிரண்டாம் அத்தியாயத்திலிருந்து பிள்ளையோடு வாசலிலேயே கிடக்கிறாள். எழுதியவருக்கு ஈரமே இல்லை. அத்தியாயம் முடிய முடிய மாமா வந்து, “என்னாச்சு?” என்பார். “இன்னும் திறக்கலே மாமா” என்பேன். உச்சுக் கொட்டிக்கொண்டே போவார்.

இன்று மத்தியானம் சத்தம் போகும் இடத்தை நானே மாற்றினேன். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தப் பேர். சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி வைத்தேன்.

“கடைசியை நீங்க முதல்ல கேளுங்க மாமா. நான் நாளைக்குக் கேட்டுக்கறேன்.”

“உங்க வேலை?”

“அது கிடக்கு.”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் புத்தகத்தை மூடி, அதன்மேல் அட்டையையும் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பச்சைக் கோடு ஆடிக்கொண்டிருந்தது. மாமாவின் முகம் சுருங்கியது, விரிந்தது, ஒரு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். கை சட்டைப்பைக்குப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் கண்ணைத் திறந்தார்.

“திறந்துட்டாங்க மாப்ளே.”