குச்சவெளியிலிருந்து வந்த பூனை

இன்று காலை நம் அலுவலகக் குழாயடியில் யாரோ புதிதாக ஒரு சிவப்புச் சவர்க்காரக் கட்டி வைத்திருந்தார்கள். கை கழுவ எடுத்தேன். அந்தக் காரமான மருந்து மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர், "அக்கா, முடிஞ்சுதே?" என்று கேட்டபோதுதான் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

இதே குழாயடியில்தான் நீ என் கையை இறுக்கிப் பிடித்துக் கழுவினாய். நான் திருகோணமலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. துறைமுக வீதியில் கடலைப் பார்த்து உட்காரப் போட்டிருக்கும் சீமெந்து வாங்கில் இரண்டு பேரும் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். எங்கிருந்தோ ஒரு மஞ்சள் பூனை வந்து என் காலில் உரசியது. அன்பாக வருகிறதே என்று குனிந்து வயிற்றோடு சேர்த்துத் தூக்கினேன். அடுத்த நொடி மணிக்கட்டில் நான்கு கீறல், பெருவிரலடியில் பல் பதிந்த இரண்டு துளை.

நீ பூனையையும் ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். சவர்க்காரம் போட்டாய், கழுவினாய், மறுபடியும் போட்டாய். கால் மணி நேரமாவது இருக்கும்.

"கழுவினது காணும், விடு. எரியுது."

"காணாது. பேசாமல் நில்."

அதன்பிறகு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். வழியில்தான் சொன்னாய்: "அது உரசினது தூக்கச் சொல்லியில்லையடி. நீ ஆர் எண்டு பாக்க வந்தது. தன்ர மணத்தை உன்னில பூசிப்போட்டுப் போகப் பாத்தது. அதுக்குள்ள நீ மேல இருந்து கையை இறக்கினால், அது பாவம் என்ன நினைக்கும்?" வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசி போட வரச்சொன்ன ஒவ்வொரு நாளும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு நீயும் கூடவே வந்தாய். நாங்கள் சிநேகிதிகளானது அந்த ஊசி வரிசையில்தான்.

அந்த வீதியில் பூனைகளுக்குக் குறைவில்லை. மூதூர்ப் படகு வந்து சேரும் நேரத்துக்கு இறங்குதுறைப் பக்கம் போகும், பிறகு மான்கள் மேயும் புல்வெளியைக் கடந்து நம்மிடம் வரும். நீ எந்தப் பூனையையும் கூப்பிட்டதில்லை. வாங்கை விட்டு இறங்கி நிலத்தில் இருப்பாய். அதன் கண்ணை நேரே பார்க்காமல் கடல் பக்கம் திரும்பி, கையைத் தரையில் வைத்து ஒரு விரலை மட்டும் தளர்வாக நீட்டியிருப்பாய். வால் நிமிர்ந்து வந்து விரலை மணந்து பார்த்து, கன்னத்தைத் தேய்த்தால் தாடையடியில் மெல்லச் சொறிவாய். வால் அடிக்கத் தொடங்கினாலோ காது பின்னால் மடங்கினாலோ கையை எடுத்துவிடுவாய். ஒருநாள் வாயில் எச்சில் வடிய, பின்னங்கால் தள்ளாடத் தள்ளாட ஒரு பூனை நம்மை நோக்கி வந்தபோது மட்டும் என் தோளைப் பிடித்து எழுப்பினாய். "எழும்பு. கிட்டப் போகாத." அங்கே நின்றவர்களையும் விலக்கிவிட்டு, நகரசபைக்கு நீதான் ஃபோன் பண்ணினாய். அன்று முழுக்க உன் முகம் சரியில்லை. பயத்தையும் பாசத்தையும் ஒரே ஆள் இப்படிச் சேர்த்து வைத்திருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அந்தச் சாம்பல் பூனை வந்தது.

என் மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போன வருடம் அது. என் கணவர் அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். வீட்டில் நான் தனி. அந்தப் பூனை என்னை மணந்து பார்க்கவுமில்லை, யோசிக்கவுமில்லை; நேரே வந்து என் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது. எனக்கு அழுகை வந்தது. நீ அதன் காதைப் பார்த்தாய், மயிரை நீவி, அதில் மீன் வாடை இருப்பதையும் கண்டுகொண்டாய்.

"இது தெருப் பூனையில்லை. மனிசற்ற கையில வளந்தது. ஆரோ தேடுவினம்."

ஒரு கடதாசித் துண்டில் உன் ஃபோன் இலக்கத்தை எழுதி, கழுத்தில் தளர்வாகக் கட்டிவிட்டாய். இரண்டு நாளாக உனக்கு எந்த ஃபோனும் வரவில்லை. மூன்றாம் நாள் பூனையை நான் வீட்டுக்குக் கொண்டு போனேன். நீ தடுக்கவில்லை.

அது என் கால்மாட்டில் படுத்தது. நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றால் அதுவும் நின்றது. அலுவலகம் விட்டதும் ஓடிப்போக ஒரு வீடு எனக்கு மறுபடியும் கிடைத்தது. அதைப் பற்றி ஒவ்வொரு மத்தியானமும் உன்னிடம் கதைத்தேன். நீயும் சிரித்துக்கொண்டு கேட்டாய். ஆனால் ஒவ்வொரு காலையும் மீன் சந்தைக்குப் போய், லொறிக்காரர்களிடம் அதன் சொந்தக்காரரைப் பற்றி நீ விசாரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பூனை நம்மிடம் வந்த பதினோராம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக் கேற்றடியில் ஒரு பெண் பன்புல்லில் பின்னிய கூடையோடு நின்றாள். பக்கத்தில் நீ. அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "சிப்பி" என்று ஒருதரம் கூப்பிட்டாள். பூனை என் மடியிலிருந்து பாய்ந்து ஓடியது. அவள் அதை முகத்தோடு அணைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய ஊரான குச்சவெளியில் மீன் ஏற்றும்போது அது லொறிக்குள் ஏறியிருக்கிறது. கதவை அடைத்தபோது எவரும் கவனிக்கவில்லை. வலை தைக்கிற வேலையை விட்டுவிட்டுக் கரையெல்லாம் தேடினாளாம்.

அடுத்த நாள் அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் உன்னைக் கேட்டேன்: "உனக்கு என்னடி உரிமை? எனக்கு ஒரு சொல்லாவது சொன்னியே?"

உன் குரல் உயரவில்லை. "சொன்னால் நீ விடமாட்டாய் எண்டு பயந்திட்டன். அது என்ர பிழைதான். அவ பதினொரு நாளாய் அழுதுகொண்டு திரிஞ்சவ. நீ பதினொரு நாளாய்ச் சந்தோசமாய் இருந்தாய். ரெண்டும் எனக்குத் தெரியும். நான் என்ன செய்யிறது, சொல்லு?"

நான் திரும்பி என் மேசைக்குப் போனேன். அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிட்டேன். ஜன்னலால் பார்த்தால் அந்த வாங்கில் நீ தனியே இருப்பது தெரியும். பக்கத்து இடத்தில் உன் கைப்பையை வைத்திருப்பாய், வேறு யாரும் இருந்துவிடாமல். எனக்குத்தான் அது என்று தெரிந்தும் போகவில்லை. ஐந்து மாதம்.

நீ லீவில் போன செய்தியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு வாரம் கழித்து நீயே ஃபோன் எடுத்தாய்.

"கொழும்புக்குப் போறன். பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொல்லியிருக்கினம். எடி, கோவம் போச்சுதே?"

"எனக்கென்ன கோவம்? நீ வா, கதைப்பம்," என்றேன்.

"ஓம், வந்து கதைப்பம்."

பெட்டியில்தான் வந்தாய். உன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது.

செத்த வீட்டுக்கு அந்தக் குச்சவெளிப் பெண்ணும் வந்திருந்தாள். புறப்படும்போது என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒண்டு வைச்சிருக்கிறன். ஒருக்கா வாங்கோ." என்னவென்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போனேன்.

சிப்பி மூன்று குட்டி போட்டிருந்தது. இரண்டைக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது, தாயைப்போல் சாம்பல் நிறம், கவிழ்த்து வைத்த தோணிக்கடியில் ஒளிந்திருந்தது.

"அவ ரெண்டு தரம் வந்தவ. 'சிநேகிதிக்கு ஒரு குட்டி வேணும், அவவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்' எண்டு சொன்னவ. கேட்டவைக்கெல்லாம் இதைக் குடுக்கேலாது எண்டு சொல்லிப்போட்டன்."

நான் மணலில் இருந்தேன். கையை நிலத்தில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தேன். அலை தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தப் பெண் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். தேநீர் ஆறியது. பிறகு விரல் நுனியில் ஈரமாக ஒன்று பட்டது. நான் திரும்பவில்லை. சிறிய கன்னம் ஒருதரம் தேய்த்தது. பிறகு மறு கன்னம்.

திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் வைத்திருந்த கூடைக்குள் அது கொஞ்ச நேரம் கத்தியது, பிறகு தூங்கிவிட்டது. நிலாவெளி தாண்டும்போது ஃபோனை எடுத்து உன் பெயரை அழுத்தப் போனேன். குட்டி வந்துவிட்டது என்று உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கை தன்பாட்டில் போய்விட்டது. அந்த இலக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை, அழிக்கப்போவதுமில்லை. ஓமடி, கோவம் இருந்தது. நீ ஃபோனில் கேட்ட அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால், நீ கொழும்புக்குப் புறப்படுமுன் ஒரு மத்தியானமாவது அந்த வாங்கில் உன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டிருப்பாய்.