ஸ்பேனர் பெட்டியில் இருந்த இன்ஹேலர்

என் பிரியமான அண்ணே,

நீ எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. ஜீப்பை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். இந்த வரியை எழுத முடிகிறதே, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பழக்கம் ஒன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை நான் மறைத்ததும் இல்லை. விடிகாலையில் எஸ்டேட் வேலைக்குப் போகிற பன்னிரண்டு பெண்களும், அம்மாவும் சேர்த்துத்தான், ஏறி உட்கார்ந்த பிறகும் நீ சாவியைத் திருப்ப மாட்டாய். "பையத் தொறந்து பாருங்க ஆத்தா" என்பாய். சோறு, தண்ணி, மழைக்கோட்டு, மாத்திரை, போன் என்று ஒவ்வொருத்தியும் பார்த்துச் சொல்ல வேண்டும். "இது ஜீப்பா, செக்போஸ்ட்டாண்ணே?" என்று கேட்டேன். நீ சிரித்தாய், அவ்வளவுதான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோக்காரன். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற மெஷின்களைப் பார்க்கிறவன். நீ போனதும் பட்டியலை அச்சடித்து, லேமினேட் செய்து, ஜீப் கதவில் ஒட்டினேன். பைகளைத் திறக்கச் சொல்வதை நிறுத்தினேன். வண்டியையும் சுத்தம் செய்தேன். ஸ்பேனர் பெட்டிக்குள், அம்மா மூச்சிழுப்புக்கு அடிக்கிற மாதிரி இன்ஹேலர் ஒன்று கிடந்தது. மருந்தை எண்ணெய்ப் பிசுக்கிலா வைப்பது என்று உன்னைத் திட்டிக்கொண்டே எடுத்துப்போய் வீட்டு அலமாரியில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தாய் என்று யோசிக்கவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை தூறல். குரங்கணி போகிற ஜீப்பும் நம் ஜீப்பும் டீக்கடை முன்னால் ஒட்டி நின்றன. நனையாமல் இருக்க எல்லாரும் பைகளைக் கடை பெஞ்சில் குவித்திருந்தார்கள். எல்லாம் ஒரே மஞ்சள் கட்டைப்பை, புது ஜவுளிக்கடைத் திறப்பில் ஊருக்கே கொடுத்தது. "வெரசா எடுத்துட்டு ஏறும்மா, மணியாச்சு" என்று நான்தான் விரட்டினேன்.

போடிமெட்டுக்குப் பாதி வளைவுகள் ஏறியதும் மூடுபனி. பின்னால் பேச்சு நின்றது. பாண்டியம்மா அக்கா கத்தினாள்.

"தம்பி, ஓரங்கட்டு! ஒங்கம்மாவுக்கு இழுக்குது!"

பையைத் திறந்தால் வெற்றிலை, புளிச்சோறு, யாருடைய மூக்குக்கண்ணாடியோ. அம்மாவின் பை மாறிப்போய், இன்ஹேலரோடு குரங்கணிக்குப் போய்க்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. அந்த வளைவில் வண்டியைத் திருப்ப இடமும் இல்லை.

"அந்தப் பெட்டி... பெரியவன்... வச்சிருப்பான்டா" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திறந்தேன். ஸ்பேனர்கள் அளவு வாரியாக, வரிசையாக இருந்தன. இன்ஹேலர் வீட்டில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். அம்மாவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

ரோட்டின் நடுவில் நின்று, இறங்கி வந்த வண்டிகளை மறித்தேன். முதலில் வந்த லாரியில் இல்லை. அடுத்து வந்த கார்க்காரர் கண்ணாடியை இறக்கவே இல்லை. மூன்றாவது, ஏலக்காய் லோடு ஏற்றிய ஒரு ஜீப்பு. முன்சீட்டில் இருந்த மலையாளத்துச் சேச்சி, நான் கேட்டு முடிப்பதற்குள் மடிப்பையைத் திறந்து தன் இன்ஹேலரை நீட்டினார். "இந்நா மோனே, வேகம் கொடு" என்று அவசரப்படுத்தினார்.

நாலைந்து தடவை அடித்த பிறகு மூச்சு திரும்பியது. பாண்டியம்மா அக்கா என்னைப் பார்த்தாள். "கதவுல ஒட்டுன அட்டையப் பிச்சு ஒங்கம்மாவுக்கு விசிறு தம்பி. அதுக்காச்சும் ஆகட்டும்."

ஆஸ்பத்திரியில் காட்டி, அன்று மதியமே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பிட்டாயா என்றுதான் அம்மா என்னைக் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்படி ஒரு நாள் உனக்கும் நடந்ததா? நடந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

அம்மா இன்றுதான் மறுபடி வேலைக்கு ஏறினாள். "பையத் தொறந்து பாருங்க" என்றேன்.

"இது ஜீப்பா, செக்போஸ்ட்டா தம்பி?" என்றாள் பாண்டியம்மா அக்கா. ஜீப்பே சிரித்தது. நான் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மா தன் பையைத் திறந்தாள். ஓர் ஓரத்தில் சிவப்புத் துணி முடிந்திருக்கிறாள், இனி மாறாது. உள்ளே கையை விட்டு, இன்ஹேலரை எடுத்து, கண்ணாடியில் எனக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

இன்னொன்று ஸ்பேனர் பெட்டியில் இருக்கிறது, நீ வைத்த அதே மூலையில். இந்த முறை எண்ணெய் படாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்.

பன்னிரண்டு பையும் திறக்காமல் இனி இந்த வண்டி நகராது அண்ணே. மணியானாலும் சரி, மழையானாலும் சரி.

உன் கூடப்பிறந்த அவசரக்காரன்.