பழைய ஷாக் அப்சார்பருக்குப் புதுப் பெயிண்ட்

தம்பி,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். காரைத் தேடாதே, மெக்கானிக்கிடம் இருக்கிறது.

இன்று வேகத்தடையில் கார் தூக்கிப் போட்டதில் கல்யாணக் கேக்கின் மேலடுக்கு சரிந்துவிட்டது. மெக்கானிக் அடியில் படுத்து, ஷாக் அப்சார்பரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். சிவப்புப் பெயிண்டுக்குக் கீழே பழைய துரு, ஆயில் கசிவு.

"யாரும்மா இதைப் புதுசுன்னு சொன்னது?"

என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஸ்டைலுக்காகக் காரின் உயரத்தைக் குறைத்துத் தரையோடு தாழ்த்தியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. தினமும் கேக் ஏற்றும் வண்டி என்பதால், தாழ்ந்த காருக்கென்று வரும் குட்டை ஷாக் அப்சார்பர், அதிலும் மெத்தென்று போவதாக வேண்டும் என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். அந்தப் புதுசு, இதே கார் வைத்திருக்கும் உன் நண்பனுடைய வண்டியில் ஏறிவிட்டதாம். அவன் வண்டியையும் பார்க்கும் இதே மெக்கானிக்தான் சொன்னார்.

மாலைக்குள் அதைக் கழற்றி வாங்கி, நீயே அவரிடம் கொண்டுபோய்க் கொடு. கேக்கைச் சரிசெய்ய நான் பஸ்ஸில் கல்யாண மண்டபத்துக்குப் போகிறேன்.

அக்கா

இன்னொன்று: பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதை மாட்டிய அன்று நான் தரையோடு குனிந்து பார்த்து, "பளபளன்னு இருக்குடா" என்று பூரித்துப் போனேனே. பக்கத்தில் நின்று நீயும் சிரித்துக்கொண்டே "ஆமாக்கா" என்றாயே.