ஒரே பச்சை

ஜூன் 3

அன்பு வாலுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் உன் அத்தான், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து என்று நினைத்துக் கால் ஆணி மருந்தை எடுத்து விட்டுக்கொண்டார். ஒரே அளவுக் குப்பி, ஒரே பச்சை. வலது கண் இனி தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இன்னொண்ணு இருக்கே, போதாதா?" என்கிறார் இவர். நான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன். யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

கடிதத்தை ஆபீசில் படித்தேன். அந்தப் பச்சைக் குப்பிகள் இரண்டும் எங்கள் கம்பெனியுடையவை. அந்த லேபிள்களை வடிவமைத்தது நான்தான்.

எல்லா மருந்தும் ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டும் என்றார் முதலாளி. நிறம், எழுத்து, ஓரம் எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். வெள்ளை இடம் நிறைய வேண்டும் என்று மருந்தின் பெயரைச் சின்னதாக்கினேன். கம்பெனி பெயர்தான் பெரிதாக நின்றது. கண் முதலில் எங்கே போக வேண்டும், எது எதிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும்: எங்கள் வேலையில் அரிச்சுவடியே இதுதான். தெரிந்தேதான் விட்டேன், பார்க்க அழகாக இருந்தது. பரிசு வேறு கொடுத்தார்கள்.

நான் வரட்டுமா?

உன் தங்கை

ஜூன் 27

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரக்கு கடைக்குப் போயிடுச்சேம்மா" என்றார். கடைகளிலிருந்து திரும்ப வாங்க அவர் சம்மதிக்கும்வரை நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வாங்கிவிட்டார்கள். இப்போது கால் மருந்துக்குச் சிவப்புப் பட்டை, பாதத்தின் படம், குப்பியில் பாதிக்குப் பெயர். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அத்தான் எப்படி இருக்கிறார்? ஒரு வரி எழுது.

தங்கை

ஜூலை 8

வாலு,

உன் கடிதங்களை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "அவ வேணும்னேவா பண்ணா? பாவம், வரச் சொல்லு" என்றார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி மேசையில் போகிறது. துடைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பாசத்தையும் தேடிப் பார்த்தேன், கையில் அகப்படவில்லை. நீ வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், வழி கேட்க வந்தவளிடம் பேசுவது போலப் பேசுவேன். அதை நீ தாங்க மாட்டாய். இப்போது வராதே.

என்றைக்காவது உன்னை வாய் நிறையத் திட்ட வேண்டும் போலிருக்கும். அன்றைக்கே எழுதுகிறேன். போட்டது போட்டபடி கிளம்பி வா.

அக்கா